நடுவயதுப் பெண்டிரும் நீர்க்கடுப்பும்

நீர்க்கடுப்பு என்னும் சொல்லை நாஞ்சில் நாட்டில் அறியாதவர் இலர். சித்திரை வெயிலில் அலைந்துவிட்டு வரும் சிறுவனுக்கும் அது வரும். இளநீரோ நுங்கோ கொடுத்தால் மாலைக்குள் தணிந்துவிடும். 'சூடு பிடித்துக்கொண்டது' என்று பாட்டி சொல்லுவாள்; பேச்சு அத்தோடு முடிந்துபோகும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த நீர்க்கடுப்பைப் பற்றி அன்று. அதே பெயரைச் சூடிக்கொண்டு, 45 வயதை ஒட்டிய பெண்களிடம் வந்து, போய், மறுபடியும் வந்து, ஆண்டுக்கு மூன்று முறை நான்கு முறை என்று குடியேறிவிடும் வேறொரு துன்பத்தைப் பற்றியது.

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களிடம் இதனை ஏன் சொல்லவேண்டும் என்று சிலர் முகம் சுளிக்கலாம். காரணம் எளியது. உங்கள் வீட்டில் அந்த வயதில் ஒரு தாய் இருக்கிறாள். சித்தியோ அத்தையோ இருக்கிறாள். அவளுக்கு எரிச்சல் எடுக்கும்போது, 'போன தடவை வாங்கினோமே, அதே மாத்திரை நாலு வாங்கிவா' என்று மருந்துக் கடைக்கு அனுப்பப்படுகிறவர்கள் நீங்கள்தாம். எதற்கு வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குகிறீர்கள். தெரிந்து வாங்குவது நல்லது. சில வேளைகளில் வாங்காமல் திரும்புவது அதனினும் நல்லது.

பல ஆண்டுகள் நான் இந்த மாவட்டத்தில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்திருக்கிறேன். நடுவயதுப் பெண் ஒருத்தி முதலில் சொல்லும் நோய் பெரும்பாலும் அவள் சொல்ல வந்த நோயாக இராது. முழங்கால் வலி என்பாள், தலைசுற்றல் என்பாள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசற்படிவரை போவாள். அங்கே நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, இன்னொரு காரியமும் உண்டு" என்று தொடங்குவாள். அந்த 'இன்னொரு காரியத்துக்கு' அநேகமாக இரண்டு மூன்று வயது ஆகியிருக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கழித்து வந்த சற்று நேரத்துக்கெல்லாம் மறுபடியும் முட்டுதல், உறுப்பில் வறட்சி, அரிப்பு, சிலருக்கு வெள்ளைப்படுதல், தும்மினால் துணி நனைதல். கணவனிடம் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை.

இந்த மௌனம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியரான ராணி பங், அபய் பங் இருவரும் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களைச் சோதித்து, 1989 ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 92 பெண்களிடம் பிறப்புறுப்பைச் சார்ந்த ஏதேனும் ஒரு நோய் இருந்தது. அதற்கு முன்பு ஒரு முறையேனும் அதற்கான சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தாம். நோயின் மிகுதியைக் கண்டு உலகம் வியந்தது. எனக்கென்னவோ அந்த எட்டு என்னும் எண்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

பெண் மருத்துவர் இல்லாத குறையால் வந்த மௌனம் என்று இதனைத் தள்ளிவிடவும் முடியாது. நெய்யூரில் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் 1838 ஆம் ஆண்டிலேயே மேனாட்டு மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டார். 1956 நவம்பர் முதல் நாள் வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1938 ஆம் ஆண்டில் மருத்துவத் துறை முழுவதற்கும் தலைமை ஏற்றவர் ஒரு பெண்மணி; மேரி புன்னன் லூக்கோஸ் என்பது அவர் பெயர். மகப்பேறு மருத்துவத்தில் தேர்ந்தவர். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை நிறுவியவரும் அவரே. ஆகவே நம் பாட்டியர் காலத்திலேயே பெண்களுக்கென மருத்துவமனைகளும் பெண் மருத்துவர்களும் இங்கு உண்டு. ஆனால் அவை யாவும் பிள்ளைப்பேற்றை நடுவில் வைத்துக் கட்டப்பட்டவை. கருவுற்றால் கவனிப்பு, பெற்றால் கவனிப்பு, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் கவனிப்பு. அதன்பின் அவளுக்கு அங்கே இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் அவளாகவே அப்படி எண்ணிக்கொண்டாள். மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பு எப்படி மாறுகிறது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமற்போயிற்று.

அந்த மாற்றத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். பெண்ணின் சிறுநீர்ப் புறவழி மிகக் குட்டையானது. ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஆணுக்கு அது 20 சென்டிமீட்டர் அளவு. பெண்ணின் உடலில் மலவாய், பிறப்புப் பாதையாகிய யோனி, சிறுநீர்த் துவாரம் மூன்றும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. குடலில் தீங்கின்றி வாழும் ஈ கோலை என்னும் கிருமி, அங்கிருந்து தவறி வந்து, இந்தக் குறுகிய வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் புகுந்துவிட்டால் அங்கே நோய் செய்கிறது. தியோடர் எஷெரிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1885 ஆம் ஆண்டில் விவரித்த கிருமி இது. நீர்ப்பாதை நோய்களில் முக்கால் பங்குக்கு இதுவே காரணம்.

வழி இத்தனை குட்டையாக இருந்தும் இளம்பெண்கள் எல்லாரும் ஓயாமல் நோயுறுவதில்லை. ஏன்? அங்கே ஒரு காவல் இருக்கிறது. 1892 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் மருத்துவர், உடல்நலமுள்ள பெண்ணின் யோனியில் வாழும் நற்கிருமிகளைக் கண்டு விவரித்தார். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவினர் அவை. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், யோனியின் உட்தோலைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. அத்தோலில் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. அச்சத்தை உண்டு நற்கிருமிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் நிறைந்த அவ்விடத்தில் குடலிலிருந்து வரும் கிருமிகளுக்குக் காலூன்ற இடம் கிடைப்பதில்லை. உரம் குறைந்தால் பயிர் மெலிந்து, பயிர் மெலிந்த இடத்தில் களை ஏறுவதை நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் நிகழ்வது அதுதான். ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது, தோல் மெலிகிறது, நற்கிருமிகள் மறைகின்றன, அமிலம் குறைகிறது, களை ஏறுகிறது. சிறுநீர்ப் புறவழியும் அதே ஹார்மோனை நம்பி வாழும் உறுப்பாதலால் அதுவும் சேர்ந்து மெலிந்துபோகிறது. யோனியில் வறட்சியும் சிறுநீரில் எரிச்சலும் ஒரே பெண்ணிடம் கைகோத்து வருவதன் காரணம் இதுவே. இரண்டும் இரண்டு நோய்கள் அல்ல. ஒரு மரத்தின் இரண்டு கிளைகள்.

மேனாடுகளில் மாதவிலக்கு நிற்கும் வயது சராசரியாக 51. நம் நாட்டில் 46, 47 என்று கணக்கிடுகிறார்கள். அதாவது, தலைப்பிள்ளை கல்லூரியில் சேரும் காலத்தில், வீட்டு வேலையும் வெளி வேலையும் உச்சத்தில் இருக்கும்போது, நம் பெண்களுக்கு இது வந்துவிடுகிறது. 'சுத்தமாக இல்லாததால் வந்தது' என்று ஊர் சொல்லும். அவளும் அதை நம்பி, இன்னும் இன்னும் கழுவுகிறாள். கிருமிநாசினி மருந்தை நீரில் கலந்து உள்ளே கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சியிருந்த நற்கிருமிகளும் அத்தோடு ஒழிந்தன. வெளிப்புறத்தை நல்ல நீரால், முன்புறமிருந்து பின்புறமாகக் கழுவினால் போதும். உட்புறத்துக்குக் கழுவுதலே வேண்டாம்.

ராஸ், ஸ்டாம் என்னும் இரு மருத்துவர்கள் மாதவிலக்கு நின்ற, அடிக்கடி நீர்ப்பாதை நோயுற்ற 93 பெண்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 1993 ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. ஒரு சாராருக்கு எஸ்ட்ரியால் என்னும் ஹார்மோன் கலந்த பசையை யோனியில் தடவிக்கொள்ளக் கொடுத்தார்கள்: முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு வாரம் இருமுறை. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் பசை. வெறும் பசை பெற்றவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை நோய் வந்தது. மருந்துப் பசை பெற்றவர்களுக்கு 0.5 முறை. ஒரு மாதத்துக்குள் பத்தில் ஆறு பேரிடம் பழைய நற்கிருமிகள் திரும்பி வந்துவிட்டன. அமெரிக்காவின் சிறுநீரியல் சங்கம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இந்த வயதுப் பெண்களுக்கு இம்முறையையே பரிந்துரைக்கின்றன. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடக்கூடாது. ஏனையோருக்கு இது எளிய மருந்து. ஆயினும் என்னிடம் வந்த பெண்களில், வருவதற்கு முன்பே இப்படி ஒன்று உண்டு என்று அறிந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எல்லாப் பழியையும் ஹார்மோனின் தலையில் ஏற்றிவிட்டால் வேலை எளிதாகிவிடும். ஆனால் அது முழு உண்மை ஆகாது. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நாற்று நடப் போகும் பெண் காலையில் வயலில் இறங்கினால் எங்கே ஒதுங்குவாள்? குளச்சலிலும் முட்டத்திலும் மீன் எடுத்து, உள்நாட்டுச் சந்தைகளில் தலைச்சுமையாக விற்கும் தாய்க்கு எந்தத் தெருவில் கழிப்பிடம் இருக்கிறது? ஆகவே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்து முந்திரி ஆலைகளில் உட்கார்ந்து பருப்புத் தோலுரிக்கும் பெண்களும், உரித்த அளவுக்குக் கூலி என்பதால் எழுந்து போக மனம் வராமல் அடக்கிக்கொள்கிறார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளுக்குச் சொல்லியிருந்தது. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டம் செய்தது. வயலுக்கும் தெருவுக்கும் அப்படி ஒரு சட்டம் எழுதுவது கடினந்தான்.

அடக்குவதால் வரும் கேட்டை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அடக்கலாகாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் எண்ணும். சிறுநீர் அவற்றுள் ஒன்று. தண்ணீரின் பயனை இக்கால ஆய்வும் உறுதி செய்திருக்கிறது. நாள்தோறும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி நோயுற்ற 140 பெண்களில் ஒரு பாதியினரை மேலும் ஒன்றரை லிட்டர் குடிக்கச் செய்து ஓராண்டு கவனித்தார்கள். 2018 ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: மிகுதியாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், பழையபடியே இருந்தவர்களுக்கு 3.2 முறையும் நோய் வந்தது. அப்பெண்கள் மாதவிலக்கு நிற்காதவர்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எனினும் நடுவயதுக்காரிக்கும் தண்ணீரால் குறைவு வராது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். இளநீர் நல்லதா, அக்கானி நல்லதா என்று கேட்பார்கள். நீர் என்ற அளவில் நல்லவையே. சர்க்கரை நோய் உள்ளவள் அக்கானியைச் செம்பு செம்பாகக் குடித்தால் நீர்க்கடுப்புக்குத் தானே வாசல் திறந்து வைத்தவள் ஆவாள்.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விடாத அரிப்பும், தயிர்த்திரள் போன்ற வெள்ளைப்பாடும் பூஞ்சைக் காளானின் அடையாளம். அது திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கிறார்கள். வருகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. 'இன்னொரு காரியத்தை' அவர்களிடம் சொல்லலாம்.

இனி, அந்த நாலு மாத்திரைக்கு வருவோம். எரிச்சல் எடுக்கிறது, கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் உண்கிறாள், எரிச்சல் அடங்குகிறது, மீதியை டப்பாவில் போட்டு வைக்கிறாள். அடங்கியது நோயின் பேச்சுத்தான், நோய் இருக்கிறது. மருந்துக்குத் தப்பிய கிருமிகள் அம்மருந்தைப் பழகிக்கொள்ளுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு உரையிலேயே இந்த அபாயத்தை எச்சரித்தார். ஆகவே, திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு, மாத்திரையைத் தொடுவதற்கு முன்பு சிறுநீரைக் கொடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யவேண்டும். முதலில் வரும் நீரையும் கடைசியில் வரும் நீரையும் விட்டு, இடையில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுக்கவேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஓராண்டில் மூன்று முறை வந்தால் அதற்குத் 'திரும்ப வரும் நோய்' என்று பெயர். அந்நிலையில் கடைக்காரரிடம் ஆலோசனை கேட்பது முறையன்று. மறுபுறம், எரிச்சலோ வேறு தொல்லையோ எதுவுமின்றி, சோதனைத் தாளில் மட்டும் கிருமி காணப்பட்டால் அந்த வயதுப் பெண்ணுக்குப் பொதுவாக மருந்து வேண்டியதில்லை. தாளுக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடையே மிகுந்துவிட்டது.

இதனினும் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. 'பிள்ளை பெற்று முடிந்தது, வெள்ளைப்படுகிறது, கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும்' என்று சொல்லுகிறவர்கள் நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறார்கள். தேவையற்ற கருப்பை அகற்றல் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மைய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று ஆணையிட்டது. வெள்ளைப்படுதலுக்குக் கருப்பையை எடுப்பது, கூரை ஒழுகுகிறது என்று தூணை அறுப்பது போன்றது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்ல வற்றவேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வற்றிப்போகும். எந்த நீர்க்கடுப்புக்கு அஞ்சி வந்தாளோ அதுவே முன்னிலும் வலுவாக வந்து சேரும்.

கருப்பை அடியிறக்கம் வேறு. சுமை தூக்கியும், பேறுகாலத்தில் ஓய்வின்றியும் இடுப்புத் தசைகள் தளர்ந்தவர்களுக்குக் கருப்பை கீழிறங்கிச் சிறுநீர்ப்பையையும் இழுத்துக்கொண்டு வரும். பையில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும். தொடக்க நிலையில், சிறுநீரை நடுவில் நிறுத்த முயலும்போது இறுகுமே, அந்தத் தசைகளை நாள்தோறும் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும்; ஆர்னால்டு கெகல் என்பவர் 1948 ஆம் ஆண்டில் அதனை வகுத்துக் கொடுத்தார். வளையம் பொருத்துவதும் அறுவையும் மருத்துவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டியவை.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி இவை சேர்ந்தால் நோய் சிறுநீரகத்தை எட்டிவிட்டது என்று கொள்க. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டாலும் பொறுத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், 'பழையபடி வந்துவிட்டது' என்று எண்ணி மகிழ்வதற்கில்லை. புற்றுநோய் இல்லை என்று சோதித்து அறிந்த பிறகே மற்றவை. ஆசாரிப்பள்ளத்தில் 2001 ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அருகில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. எங்கே போவது என்னும் கேள்விக்கு இன்று இடமில்லை.

போகும்போது கையில் ஒரு தாள் இருந்தால் மருத்துவருக்குப் பேருதவி. எரிச்சல் வந்த தேதிகள், உண்ட மாத்திரைகளின் பெயர், எத்தனை நாள் உண்டாள், சோதனை செய்திருந்தால் அதன் முடிவு, மாதவிலக்கு கடைசியாக வந்த மாதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்து செய்யக்கூடிய வேலை இது. தோவாளைப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி தன் தாயை அழைத்துக்கொண்டு வந்தபோது, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களை என்முன் வைத்தாள். பதினொரு தேதிகள் இருந்தன. ஒன்பது முறை வாங்கிய மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன. வளர்ப்புச் சோதனை ஒன்றுகூட இல்லை. முதல் தேதி, மாதவிலக்கு நின்று எட்டாவது மாதம். அதுவரை எவரும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினேன், சர்க்கரை பார்த்தேன், பசையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவள் அதே தாள்களை மறுபடியும் கொண்டுவந்தாள். புதிதாக ஒரே ஒரு தேதி எழுதியிருந்தாள்.